புரூக்ளின் டொட்ஜர்ஸ்: 1947 – 1957



ஒரு விளையாட்டுக் கழகம் யாருக்குச் சொந்தம்? பணம் முதலிட்டு அதனை வாங்கியவருக்கா? அதிலே ஆடும் வீரருக்கா? அன்றி, அதன் வெற்றியிலே களித்தும் தோல்வியிலே துவண்டும் வாழும் ஊராருக்கா? சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இவ்வினாவிற்கு ஒரே வரியில் விடை கிடைத்துவிடும். ஆயினும் அமெரிக்காவின் புரூக்ளின் மக்கள், 1947ஆம் ஆண்டு தொடக்கம் 1957ஆம் ஆண்டு வரை, அவ்விடையைப் பொருட்படுத்தாமலே வாழ்ந்தனர். அவர்களது பேஸ்போல் கழகமாகிய புரூக்ளின் டொட்ஜர்ஸ், அப்பத்தாண்டுகளில் அடைந்த உயர்வையும் பின்னர் நேர்ந்த பிரிவையும் இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

பேஸ்போல் எமக்குப் பழக்கமில்லாத ஆட்டமே. எனினும், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இந்நாட்டுக் கிராமங்களில் ஆடப்படும் எல்லே விளையாட்டைக் கண்டவர்களுக்கு அதனை விளக்குதல் கடினமன்று. பந்தை ஓங்கி அடித்தவர், நான்கு தளங்களைச் சுற்றி ஓடி மீண்டால் ஓர் ஓட்டம். பந்து வேலிக்கு அப்பாற் சென்று வீழ்ந்தால் அதனை ஹோம் றன் என்பர். அப்போது அடித்தவரும் ஏற்கெனவே தளங்களில் நிற்போரும் தடையின்றி ஓடி ஓட்டம் பெறலாம். ஒவ்வொரு கழகத்திற்கும் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு. நாஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்னும் இரு பிரிவுகளில் முதலிடம் பெற்ற கழகங்கள் இரண்டும் அக்காலத்தில் ஆண்டிறுதியில் ஒன்றையொன்று எதிர்த்தன. ஏழு ஆட்டங்களுள் நான்கை வெல்பவரே முடிவில் வாகை சூடுவர். அமெரிக்கக் கழகங்கள் மட்டுமே ஆடிய அத்தொடருக்கு ‘உலகத் தொடர்’ என்று பெயரிட்ட துணிவை வியக்காமல் இருத்தல் அரிது.

புரூக்ளின் 1898ஆம் ஆண்டு வரை தனி நகரமாக விளங்கியது. அவ்வாண்டில் நியூயோர்க் மாநகரத்துடன் இணைக்கப்பட்டது. இணைந்த பின்னரும் ஆற்றுக்கு அப்பாலிருந்த மன்ஹற்றனின் செல்வத்தையும் செருக்கையும் அது சற்றுக் கசப்புடனேயே நோக்கி வந்தது. யூதர், இத்தாலியர், ஐரிஷ் மக்கள், தெற்கிலிருந்து குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் எனப் பல திறத்தாரும் நெருங்கி வாழ்ந்த உழைப்பாளர் ஊர் அது. 1950ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் தொகை இருபத்தேழு இலட்சத்திற்கும் மேல். நகராட்சியை இழந்த அவ்வூருக்குத் தன் பெயரைத் தாங்கிய கழகம் ஒன்றே எஞ்சியது எனலாம். கொழும்பில் 1960ஆம் ஆண்டு வரை ஓடிய ட்ராம் வண்டிகளைப் போன்றவை புரூக்ளின் தெருக்களில் நிறைந்திருந்தன. அவற்றுக்கு அகப்படாமல் விலகி ஓடுபவர் என்ற பொருளிலேயே டொட்ஜர்ஸ் என்ற பெயர் எழுந்தது. 1913இல் திறக்கப்பட்ட அவர்களது எப்பெற்ஸ் பீல்ட் அரங்கு, முப்பத்திரண்டாயிரம் பேர் அளவிலேயே கொள்ளத்தக்க சிறிய அரங்கு. ஆடுவோர் முகத்திலே தோன்றும் குறிப்பைக்கூட அங்கிருந்தோர் காண முடிந்தது.

அவ்வரங்கில் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் தேதி ஜக்கி றொபின்சன் என்னும் இருபத்தெட்டு வயது இளைஞர் முதல் தளத்தைக் காக்க இறங்கினார். அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்போல் லீக்குகள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகக் கறுப்பினத்தார் எவரையும் சேர்த்துக்கொண்டதில்லை. அதனைத் தடை செய்யும் எழுத்து விதி எதுவும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. உரிமையாளர்களிடையே நிலவிய வாய்ப்பேச்சில்லா உடன்பாடே போதுமானதாயிருந்தது. எழுதப்பட்ட சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம்; எழுதப்படாத சட்டத்தை எந்த நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்வது?

றொபின்சன் ஜோர்ஜியா மாநிலத்தில் 1919இல் பிறந்தவர், அடிமையாயிருந்தவர்களின் வழித்தோன்றல். பல்கலைக்கழகத்தில் பயின்று, போர்க்காலத்தில் படையதிகாரியாகப் பணியாற்றினார். 1944இல் பஸ் வண்டியின் பின்புறத்தில் அமருமாறு ஏவப்பட்டபோது அவர் மறுத்தார். அதன் விளைவாகப் படை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவரென விடுதலையானார். இத்தகைய தன்மானம் மிக்க ஒருவரையே டொட்ஜர்ஸ் கழகத் தலைவர் பிராஞ்ச் றிக்கி 1945இல் அழைத்து, வசைமொழிக்கு எதிர்மொழி கூறாமல், அடிக்குத் திருப்பி அடிக்காமல் பொறுத்திருக்க இயலுமா என்று வினவினார். எதிர்த்துப் போராடும் வலியில்லாதவர் பொறுப்பது ஒன்று. வலியிருந்தும் பொறுப்பது வேறொன்று. றொபின்சன் இரண்டாவதற்கே உடன்பட்டார்.

றிக்கியின் நோக்கம் முற்றும் அறம் சார்ந்ததா என்று கேட்பாரும் உளர். அவர் சமயப்பற்று மிக்கவர்; அதேவேளை கணக்கிலும் கெட்டிக்காரர். பிற கழகங்கள் தீண்டாத திறமை முழுவதும் தம் கழகத்திற்கே கிடைக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். கறுப்பினத்தார் கழகமாகிய கன்சாஸ் சிற்றி மொனாக்ஸில் ஆடிக்கொண்டிருந்த றொபின்சனை அழைத்துக்கொண்டபோது, அக்கழகத்திற்கு அவர் ஒரு சதமும் வழங்கவில்லை. நெடுங்காலம் கறுப்பினத்தாரின் ஆட்டத்தை வளர்த்த நீக்ரோ நாஷனல் லீக் 1948ஆம் ஆண்டுடன் மறைந்தது. ஒரு கதவு திறந்தபோது மற்றொரு வீடு வெறிச்சோடிய கதையும் இதனுள் அடங்கியுள்ளது.

முதலாண்டு றொபின்சன் பட்ட துன்பம் சிறிதன்று. தெற்கிலிருந்து வந்த சக வீரர் சிலர் அவருடன் ஆட இயலாதென விண்ணப்பம் ஒன்றிற்குக் கையொப்பம் திரட்ட முனைந்தனர். பிலடெல்பியாக் கழகத்தார், தம் முகாமையாளரே தலைமை தாங்க, அவரை நோக்கிச் சொல்லத்தகாத மொழிகளைக் கூவினர். கொலை மிரட்டற் கடிதங்கள் வந்தன. பயணங்களில் வெள்ளையர் தங்கிய விடுதி அவருக்கு மூடப்பட்டதும் உண்டு. பந்துவீச்சாளர் எறிந்த பந்துகள் அவ்வாண்டில் ஒன்பது முறை அவர் உடலில் பட்டன. அவர் வாய் திறக்கவில்லை. ஆண்டு முடிவில், தளங்களைத் திருடி ஓடுவதில் லீக்கிலேயே முதல்வராகவும், முதன்முறை வழங்கப்பட்ட சிறந்த புதுவீரர் விருதுக்குரியவராகவும் நின்றார். விண்ணப்பத்தில் ஒப்பமிட மறுத்தவருள் ஒருவர் கென்ரக்கி மாநிலத்தவரான பீ வீ றீஸ். கூட்டத்தார் ஏசிக்கொண்டிருந்த வேளையில் அவர் நடந்து சென்று றொபின்சனின் தோளிலே கைபோட்டு நின்றார் என்பர். அக்காட்சி நிகழ்ந்த ஆண்டும் ஊரும் பற்றி வரலாற்றாசிரியரிடையே இன்றும் வாதம் உண்டு. இருவருக்கிடையே நிலவிய நட்பைப் பற்றி வாதமில்லை.

வானொலி கேட்பவர்களாகிய உங்களுக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது டொட்ஜர்ஸின் ஆட்டங்களை வானொலியில் விவரித்தவர் றெட் பாபர். அவரும் தென்னாட்டவரே, கறுப்பினத்தவர் ஒருவர் சேர்க்கப்படவுள்ளார் என்ற செய்தியை றிக்கி முன்கூட்டிச் சொன்னபோது, வேலையை விட்டுவிட எண்ணியதாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பின்னர், நிகழ்வதை நிகழ்ந்தவாறு சொல்வதே தமது தொழில் என்று தெளிந்து, ஏனைய வீரரைப் போன்றே றொபின்சனையும் விவரித்தார். வேனிற்காலத்தில் புரூக்ளின் தெருவொன்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பவர், திறந்த சன்னல்கள் வழியே வரும் அவர் குரலால் ஒரு பந்தையும் தவறவிடாமல் ஆட்டத்தைக் கேட்கலாம் என்று முதியோர் சொல்வர். மைதானத்தில் மாறியது ஆட்டம். வீடுகளில் மாறியது கேட்போர் உள்ளம். அம்மாற்றத்தில் நிதானமான அவ்வானொலிக் குரலுக்கும் பங்குண்டு என்பது என் துணிபு.

றொபின்சனைத் தொடர்ந்து றோய் கம்பனெல்லா, டொன் நியூகொம் முதலிய கறுப்பின வீரர் வந்தனர். நாஷனல் லீக்கில் 1947, 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் டொட்ஜர்ஸே முதலிடம் பெற்றது. நான்கு முறையும் உலகத் தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்திடம் தோற்றது. 1953இல் 105 ஆட்டங்களை வென்று வந்த கழகமும் யாங்கீஸ் முன் நிற்க இயலவில்லை. 1916, 1920, 1941 ஆகிய பழைய தோல்விகளையும் கூட்டினால் உலகத் தொடரில் ஏழு தோல்விகள். ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பது புரூக்ளின் மக்களின் பழமொழியாயிற்று.

1951ஆம் ஆண்டின் தோல்வியோ இவையனைத்திலும் கொடியது. ஆகஸ்ற் மாத நடுவில் பதின்மூன்று ஆட்டங்கள் முன்னே நின்ற டொட்ஜர்ஸை, அதே மாநகரின் ஜயன்ற்ஸ் கழகம் விடாது துரத்தி இறுதியில் சமன் செய்தது. மூன்று ஆட்டங்களால் முடிவு காண ஏற்பாடாயிற்று. ஒக்டோபர் 3ஆந் தேதி நடந்த மூன்றாவது ஆட்டத்தில், இறுதி இன்னிங்ஸ் தொடங்கியபோது டொட்ஜர்ஸ் நான்குக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தது. ஜயன்ற்ஸ் ஓர் ஓட்டம் பெற்று இருவரைத் தளங்களில் நிறுத்திய நிலையில், றல்ப் பிராங்கா வீசிய பந்தைப் பொபி தொம்சன் வேலிக்கு அப்பால் அடித்தார். ஐந்துக்கு நான்கு! பிராங்கா அணிந்திருந்த இலக்கம் பதின்மூன்று என்பதைச் சுட்டி விதியை நொந்துகொண்டோர் பலர். விதியின் மேற் பழிபோடுதல் பொருந்தாது என்பது 2001இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜயன்ற்ஸ் கழகத்தார் தம் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைக் களவாக அறிந்துவந்தனர் என அவர்களிற் சிலரே ஒப்புக்கொண்டனர். பிராங்கா இதனை 1954ஆம் ஆண்டிலேயே கேள்வியுற்றிருந்தும், முறையிடுபவன் என்ற பெயர் வேண்டாமெனக் கருதி வெளியே பேசாதிருந்தார். ஒரு பந்தினால் தம் பெயர் கெட்ட மனிதர், அத்தனை ஆண்டுகள் அச்செய்தியை நெஞ்சில் அடக்கியிருந்தமை, றொபின்சனின் பொறுமைக்கு அடுத்தபடி வைத்து எண்ணத்தக்கது.

1955 வந்தது. தொடக்கத்தில் பத்து ஆட்டங்களை ஒருங்கே வென்று, செப்ரெம்பர் 8ஆந் தேதிக்குள்ளேயே லீக்கில் முதலிடத்தை டொட்ஜர்ஸ் உறுதி செய்துவிட்டது. எதிரே மீண்டும் யாங்கீஸ். முதலிரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. ‘அடுத்த ஆண்டு’ என்ற சொல் மறுபடியும் நாவிலே எழுந்தது. ஆனால் சொந்த மைதானத்தில் அடுத்த மூன்றையும் டொட்ஜர்ஸ் வென்றது. ஆறாவதை யாங்கீஸ் வென்றது. ஒக்டோபர் 4ஆந் தேதி, யாங்கீஸ் அரங்கில் ஏழாவது ஆட்டம். சில நாட்களுக்கு முன்னரே இருபத்துமூன்று வயது நிறைந்த ஜொனி பொட்ரெஸ் பந்து வீசினார். கில் ஹொட்ஜஸ் ஈட்டித் தந்த இரண்டு ஓட்டங்களே கையிருப்பு.

ஆறாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் வீரர் இருவர் தளங்களில் நிற்க, ஒருவரும் ஆட்டமிழக்காத வேளை, யோகி பெரா அடித்த பந்து இடப்பக்க எல்லைக்கோட்டை நோக்கி உயர்ந்து சென்றது. அவ்விடத்தைக் காக்க அந்த இன்னிங்ஸில்தான் அனுப்பப்பட்டிருந்தவர் சண்டி அமோரஸ் என்னும் கியூபா நாட்டவர். அவர் இடக்கையால் எறிபவராதலின் பந்தேற்கும் கையுறை வலக்கையில் இருந்தது. நெடுந்தூரம் ஓடிவந்து நீட்டிய அவ்வலக்கையிலே பந்து அடங்கியது. வழக்கம்போல் இடக்கையில் உறை அணிந்தவராயின் எட்டியிராது என்பர். உடனே அவர் றீஸுக்கு எறிய, றீஸ் ஹொட்ஜஸுக்கு எறிய, முதல் தளத்திற்கு மீளாத மற்றொருவரும் ஆட்டமிழந்தார். இரண்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தபோது, இறுதிப் பந்தை எடுத்து எறிந்தவரும் றீஸே. 1941 முதல் யாங்கீஸிடம் ஐந்து தோல்விகளையும் களத்தில் நின்று கண்டவர் அவர். தொலைக்காட்சியில் வர்ணித்துக்கொண்டிருந்த வின் ஸ்கலி என்னும் இளைஞர், டொட்ஜர்ஸ் உலக வெற்றியாளர் என்று ஒரே வாக்கியம் கூறி அமைந்தார். மேலும் பேசியிருந்தால் அழுதிருப்பேன் என்று பின்னாளில் விளக்கினார். ஒரு வர்ணனையாளர் மௌனத்தினாலும் பேசலாம் என்பதை அன்று அவர் காட்டினார்.

அன்றிரவு புரூக்ளின் தெருக்களில் உறங்கியோர் இலர். ஆயின் அவ்வூரின் அடித்தளம் அதற்கு முன்னரே அசையத் தொடங்கியிருந்தது. அதே 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நூறாண்டுக்கு மேல் வெளிவந்த ‘புரூக்ளின் ஈகிள்’ நாளேடு நின்றுபோயிற்று. கழகத்தின் பெருவெற்றியை அறிவிக்க அவ்வூருக்குத் தனக்கென்று அந்த ஏடு இல்லை. வெள்ளையினக் குடும்பங்கள் லோங் தீவின் புறநகர்களுக்குப் பெயர்ந்து கொண்டிருந்தன. அங்கு எழுந்த லெவிற்றவுன் போன்ற புதுக்குடியிருப்புகள் கறுப்பினத்தாருக்கு வீடு கொடுக்க மறுத்தன. மைதானத்தில் றொபின்சனுக்குக் கைதட்டியோருட் சிலர், அவருக்கு வீடு விற்கப்படாத ஊர்களிலே குடிபுகுந்தனர். றொபின்சன் குடும்பத்தாரும் வீடு தேடி அயல் மாநிலமாகிய கனெற்றிக்கற்றில் அலைந்தபோது, நிறத்தின் பொருட்டுக் கதவடைப்பைக் கண்டவர்களே. பேஸ்போலில் திறந்த கதவு வீதிக்கு வந்ததும் மூடிக்கொண்டது. இதனை மறைத்து அப்பத்தாண்டைப் பொற்காலம் என்று மட்டும் பாடுவது வரலாற்றுக்கு அழகன்று.

1950இல் றிக்கியை விலக்கிக் கழகத்தின் ஆட்சியைக் கைக்கொண்டவர் சட்டத்தரணியான வால்ற்றர் ஓமாலி. 1947இல் எப்பெற்ஸ் பீல்டுக்குப் பதினெட்டு இலட்சம் பேர் வந்தனர். வெற்றி ஆண்டாகிய 1955இல் வந்தோர் பத்து இலட்சத்துச் சொச்சமே. தொலைக்காட்சி ஒரு காரணம். மோட்டார் வண்டி மற்றொரு காரணம். புறநகரிலிருந்து வண்டியில் வருவோருக்கு அங்கு நிறுத்துமிடம் ஏறத்தாழ எழுநூறுதான். பொஸ்ரனிலிருந்து 1953இல் மில்வோக்கிக்குப் பெயர்ந்த பிறேவ்ஸ் கழகம் மறு ஆண்டிலேயே இருபது இலட்சம் பேரை ஈர்த்ததை ஓமாலி கண்டார். இருந்தும் டொட்ஜர்ஸ் நட்டத்தில் ஓடிய கழகமன்று. இலாபம் ஈட்டிய கழகமே. போட்டிக் கழகங்களுக்குப் பின்தங்கிவிடுவோம் என்ற எதிர்கால அச்சமே அவரை உந்தியது.

அட்லான்ரிக், பிளற்புஷ் வீதிகள் கூடும் புகையிரத முனையருகே புது அரங்கொன்றைத் தம் செலவிலேயே கட்ட அவர் விரும்பினார். அதற்குரிய நிலத்தை அரசு தன் அதிகாரத்தாற் சுவீகரித்துத் தரவேண்டும் என்றார். நியூயோர்க் நகரமைப்பில் எவரும் எதிர்க்கத் துணியாத செல்வாக்குடைய றொபேட் மோசஸ், தனியார் இலாபத்திற்குப் பொது அதிகாரத்தைப் பயன்படுத்த இயலாதென மறுத்து, குயீன்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங் மெடோஸ் நிலத்தைக் காட்டினார். அங்கு சென்றால் அது புரூக்ளின் கழகமாகாது என்றார் ஓமாலி. புரூக்ளின் கழகமென்ற பெயர்மீது அத்துணைப் பற்றுக்கொண்டவர், மூவாயிரம் மைலுக்கு அப்பால் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தாருடன் பேச்சு நடத்தியதுதான் வியப்பு! மோசஸின் பிடிவாதமும் ஓமாலியின் கணக்கும் ஒன்றுக்கொன்று உதவின. இருவருள் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கும் நூல்கள் பல உள. எனக்கு அவை நிறைவளிப்பதில்லை.

1957ஆம் ஆண்டு கோடையில், புரூக்ளினைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் இமானுவெல் செலர் தலைமையேற்ற விசாரணைக் குழுவின் முன் ஓமாலி தோன்றினார். ஆனால் அக்குழு என் செய்யும்? பேஸ்போல் கழகங்கள் முற்றுரிமைத் தடைச் சட்டத்திற்கு உட்பட்டவை அல்லவென உயர்நீதிமன்றம் 1922இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஊரின் உரிமை என்று சொல்லத்தக்க சட்டப் பிரிவு எதுவும் இல்லை.

வீரரின் நிலையும் வேறன்று. கழகத்தின் விருப்பப்படி விற்கவும் மாற்றவும் உரிய பொருளாகவே வீரரை அக்கால ஒப்பந்தம் கொண்டது. 1956இன் இறுதியில் றொபின்சன், அதுவும் பரம வைரியாகிய ஜயன்ற்ஸ் கழகத்திற்கு, மாற்றப்பட்டார். முன்னரே ஓய்வுபெறத் தீர்மானித்திருந்த அவர் ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். 1970இல் கேற் பிளட் என்னும் வீரர் இவ்வொப்பந்த முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, அவர் பக்கம் நின்று சாட்சி சொன்ன பழைய வீரர் மிகச் சிலருள் றொபின்சன் ஒருவர். பிளட் வழக்கில் தோற்றார். அம்முறை தளர்ந்தது 1975இன் இறுதியில், றொபின்சன் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின்னரே.

1957 செப்ரெம்பர் 24ஆந் தேதி எப்பெற்ஸ் பீல்டில் டொட்ஜர்ஸ் ஆடிய கடைசி ஆட்டத்தைப் பார்க்க வந்தோர் 6,702 பேர். பிற்ஸ்பேக் கழகத்தை இரண்டுக்குப் பூச்சியமென வென்றனர். 1955இன் பெருவெற்றிக்குரிய அதே எண்ணிக்கை. ஒக்டோபர் 8ஆந் தேதி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயரும் அறிவிப்பு வந்தது. ஜயன்ற்ஸ் கழகமும் சன் பிரான்சிஸ்கோவுக்குப் போவதாக ஆகஸ்ற்றிலேயே அறிவித்திருந்தது. மும்முறை லீக்கின் தலைசிறந்த வீரரெனத் தெரிவான கம்பனெல்லா, 1958 ஜனவரியில் வண்டி விபத்திலே உடல் முடங்கி, புது ஊரில் ஓர் ஆட்டமும் ஆடாமற் போனார்.

லொஸ் ஏஞ்சலிஸில் டொட்ஜர்ஸின் புதிய அரங்கு 1962இல் சாவேஸ் றவீன் என்னும் மேட்டு நிலத்தில் எழுந்தது. அங்கு வாழ்ந்த மெக்சிக்க வம்சாவழிக் குடும்பங்கள், அரசாங்க வீடமைப்புத் திட்டம் என்ற பெயரில் முன்னரே அகற்றப்பட்டன. அத்திட்டம் கைவிடப்பட்ட பின், எஞ்சி நின்றோரும் 1959இல் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர். புரூக்ளின் தன் கழகத்தை இழந்ததற்காக வருந்துவோர், அக்கழகம் சென்றிறங்கிய நிலத்தில் வீடிழந்தோரையும் எண்ணுதல் நியாயம்.

எப்பெற்ஸ் பீல்டை 1960 பெப்ரவரியில் இடிக்கத் தொடங்கினர். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்போல் பந்தைப் போல வர்ணம் தீட்டியிருந்தார்கள். அவ்விடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் உள்ளன. நியூயோர்க் நகருக்கு 1962இல் மெற்ஸ் என்ற புதிய கழகம் கிடைத்தது. டொட்ஜர்ஸின் நீலமும் ஜயன்ற்ஸின் செம்மஞ்சளும் அதன் நிறங்களாயின. அக்கழகத்திற்கென 1964இல் அரங்கு கட்டப்பட்ட இடம், மோசஸ் முன்னர் ஓமாலிக்குக் காட்டிய அதே பிளஷிங் மெடோஸ்.